கடலாயி என்ன கேட்டாள்?

மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில், உசிலம்பட்டிக்கு முன்னால், கருமாத்தூரில் அருள் ஆனந்தர் கல்லூரி இருக்கிறது. சேசு சபையினர் 1970இல் தொடங்கியது. எங்கள் வட்டாரத்தில் முதல் தலைமுறையாகப் படித்தவர்களில் பலர் அந்த வாசலைத் தாண்டி வந்தவர்கள். அருள் ஆனந்தர் யார் என்று அவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். போர்ச்சுகல் நாட்டிலிருந்து வந்த ஜான் டி பிரிட்டோ. காவி உடுத்தி, மரக்கறி உண்டு, பண்டார சுவாமியாக மறவர் சீமையில் திரிந்தவர். 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டவர். 1947இல் போப் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

ஏன் வெட்டப்பட்டார் என்று கேட்டால் அங்கே ஒரு பெண்ணின் பெயர் வரும். கடலாயி.

தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் கடும் நோயில் விழுந்தார். உபதேசியார் வந்து செபம் சொன்ன பிறகு குணமானது என்று நம்பி ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினால்தான் ஞானஸ்நானம் என்றார் பிரிட்டோ. தேவர் ஒப்புக்கொண்டார். மூத்தவள் இருந்தாள், மற்றவர்கள் விலக்கப்பட்டார்கள். விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி, ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் நெருங்கிய உறவுப் பெண். அவள் சேதுபதியிடம் போய் முறையிட்டாள். 1693 ஜனவரி முதல் வாரத்தில் ஞானஸ்நானம் நடந்தது, ஒரு மாதத்துக்குள் பிரிட்டோவின் கதை முடிந்தது.

புனிதரின் வரலாற்றைச் சொல்பவர்கள் கடலாயியை ஏரோதியாளோடு ஒப்பிடுவது வழக்கம். அவரும் யோவான், இவரும் யோவான், இருவரின் தலைக்கும் ஒரு பெண்ணின் ஆத்திரம்தான் காரணம் என்று கதை சுலபமாகப் பொருந்திவிடுகிறது. பொறாமைக்காரி, வஞ்சம் தீர்த்தவள். அவள் சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவள் என்ன கேட்டிருப்பாள் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. முறைப்படி கொடுத்து எடுத்துச் செய்த கல்யாணம் ஒரே நாளில் கல்யாணமே இல்லை என்று ஆகிறது. அவள் எந்தத் தவறும் செய்யவில்லை. எந்தப் பஞ்சாயத்தும் அவளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கணவன் மதம் மாறுகிறான், அதற்கான விலையை அவள் தருகிறாள். சேதுபதிக்கும் அது தன் வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்த அவமானம். அந்த அவமானத்தைச் செய்தவனோ அரசுரிமைக்குப் போட்டியாக நிற்கக்கூடியவன். தண்டிக்க வேண்டியிருந்தது தடியத்தேவரை, கையில் அகப்பட்டது பாதிரியார்.

பலதார மணத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மூத்த மனைவிக்கும் இளைய மனைவிக்கும் நடுவில் பெண்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்ற நல்ல வார்த்தையை ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கும் குடும்பத்தின்மேல் கொண்டுபோய் வைக்கும்போது கழித்துவிடப்படுகிறவள் யார் என்றுதான் கேட்கிறேன். இது மறவர் சீமையோடு நிற்கவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவில் மிஷனரிகள் ஊர் ஊராக இதே கணக்கைப் போட்டார்கள். 1888இல் லண்டன் லாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கன் ஆயர்கள், பல மனைவியர் உள்ள ஆணுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். மனைவியரை விலக்கிவிட்டு வரட்டும் என்பது அதன் பொருள். விலக்கப்பட்டவர்கள் நிலமும் பிள்ளைகளும் இல்லாமல் தெருவில் நின்றார்கள். நூறு வருஷம் கழித்து, 1988இல், அதே லாம்பெத் மாநாடு மாற்றிப் பேசியது. அப்படி ஒருவன் மனைவியரோடும் பிள்ளைகளோடும் வந்தால் சேர்த்துக்கொள்ளலாம், மனைவியரை விலக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, ஏனென்றால் அதனால் அந்தப் பெண்கள் சமூகத்தில் சீரழிவார்கள் என்றது. அது வேறு சபை, வேறு கண்டம். ஆனாலும் கடலாயியின் முறையீட்டுக்கு ஒரு திருச்சபை பதில் சொல்ல 295 ஆண்டுகள் ஆயின என்று வகுப்பில் சொல்வேன். மாணவிகள் சிரிப்பார்கள். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள்.

மதங்களும் மொழிகளும் எப்படிப் பரவின என்று நாம் பாடம் நடத்தும்போது அரசன், துறவி, வணிகன், படை என்று நான்கு தலைப்புப் போட்டுக்கொள்கிறோம். உசிலம்பட்டியிலிருந்து மதுரை வரைக்கும் உள்ள இந்த நாற்பது கிலோமீட்டருக்குள் உலகத்தின் பெரிய மதங்களில் பெரும்பாலானவை வந்து போயிருக்கின்றன, சில வந்து தங்கியிருக்கின்றன. அந்த நான்கு தலைப்புக்குள் அடங்காதவர்கள் இங்கே நிறையப் பேர்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். பள்ளி. மாங்குளத்து மலையில் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே வெட்டிய தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் ஆள் ஒருவர் கணி நந்தன் என்ற சமணத் துறவிக்குக் கற்படுக்கை வெட்டுவித்துக் கொடுத்த செய்தியை அவற்றில் ஒன்று சொல்கிறது. தானத்துக்கு அங்கே போட்டிருக்கும் வார்த்தை ‘தம்மம்’, வடக்கேயிருந்து வந்த பிராகிருதம். படுக்கை இருந்த இடத்துக்குப் போட்டிருப்பது ‘பள்ளி’. உசிலம்பட்டியிலிருந்து சோழவந்தான் போகும் பக்கம் விக்கிரமங்கலத்தில் உண்டாங்கல்லிலும் அதே காலத்து எழுத்து உண்டு, செக்கானூரணிக்கு முன்னால் கொங்கர்புளியங்குளத்திலும் உண்டு. துறவிகள் படுத்த இடம் பள்ளி. அவர்கள் பாடம் சொன்னதால் பள்ளிக்கூடம். மீனாட்சியும் சுந்தரேசரும் இரவில் துயிலும் இடம் பள்ளியறை. இசுலாம் வந்தபோது தமிழ் முஸ்லிம்கள் மசூதிக்கு அரபுச் சொல்லைத் தேடவில்லை, பள்ளிவாசல் என்றார்கள். நமாஸ் அவர்களுக்குத் தொழுகை, ரோஜா நோன்பு. அரபு மதம் சமணர் விட்டுப்போன சொல்லுக்குள் குடியேறியது. எங்கள் கிராமங்களில் கிறிஸ்தவர்களுக்கு இன்றும் வேதக்காரர் என்றுதான் பெயர், சர்ச்சுக்கு வேதக்கோயில். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியர் ராபர்ட் டி நொபிலி, பரங்கி என்ற பட்டம் ஒட்டாமலிருக்க சந்நியாசி உடை போட்டு, தன் மதத்தையும் வேதம் என்றே சொன்னார். அந்தச் சொல் ஊன்றிவிட்டது. மதம் மாற்ற வந்தவர்களை மொழி கொஞ்சம் மாற்றித்தான் அனுப்பியது.

ஆனால் எல்லாச் சொல்லும் பள்ளியைப் போலப் பிழைத்துக் கிடக்கவில்லை. கழுகுமலையில் பாறை முழுக்கச் செதுக்கிய சமணத் திருமேனிகளின் கீழே அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களில் குரத்தியர் பலர். குரத்தி என்றால் குரு என்பதன் பெண்பால், ஆசிரியை. அவர்களுக்கு மாணவியர் மட்டுமில்லை, மாணவர்களும் இருந்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆண்பிள்ளைக்குப் பாடம் சொன்ன பெண் துறவிக்குத் தமிழில் ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல் இன்று இல்லை. குறத்தி இருக்கிறாள், அவள் வேறு எழுத்து, வேறு ஆள். சைவ, வைணவ மடங்கள் வளர்ந்த காலத்தில் பெண் குருவே அநேகமாக இல்லாமல் போன பிறகு சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்த மாற்றத்தின் தொடக்கத்திலும் ஒரு பெண்ணையே நிறுத்துகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் பாண்டிய மன்னன் சமணன், அவன் அரசி மங்கையர்க்கரசி சோழ நாட்டிலிருந்து வந்த சைவப் பெண். அவள்தான் திருஞானசம்பந்தரை மதுரைக்கு வரவழைத்தாள். மன்னன் மாறினான். வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்கள் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதினார். மங்கையர்க்கரசி அறுபத்து மூவரில் ஒருத்தியாகிவிட்டாள். கணவன் மதத்தை மாற்றிய மனைவி நாயனார், கணவன் மதம் மாறியதை எதிர்த்த மனைவி ஏரோதியாள். இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சமணர் அன்றோடு ஒழிந்தார்களா? நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் கீழக்குயில்குடிச் சமணர் மலைக்கு ஏறிப் பாருங்கள். பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில், சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். கீழே வட்டெழுத்து. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சம்பந்தருக்குப் பிறகு இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் மதுரைக்குப் பக்கத்திலேயே சமணர்கள் பகிரங்கமாகச் சிலை செய்துகொண்டிருந்தார்கள். மலைமேல் இருந்த பள்ளிக்கு மாதேவிப் பெரும்பள்ளி என்று அரசியின் பெயர். பேச்சிப்பள்ளத்தில் ஒரு திருமேனியின் கீழே இருக்கும் செய்தி இது: அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்தது.

அச்சணந்தி அந்தக் காலத்தின் பெரிய சமண ஆசாரியர். ஆனைமலை, அழகர்மலை, கொங்கர்புளியங்குளம், உத்தமபாளையம் என்று அவர் பெயர் இல்லாத குன்று குறைவு. மகன் வீட்டை விட்டுத் துறவியாகப் போய்விட்டான். துறவிக்குத் தாய் தகப்பன் உறவெல்லாம் அறுந்துபோனதாகக் கணக்கு. ஆனால் தாய் வந்து மலைமேல் ஒரு திருமேனி செய்து, அதில் அச்சணந்தி என் மகன் என்று வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இன்னாரின் தாய் என்றுதான் அறியப்படுகிறாள் என்று நாம் குறைசொல்லலாம். நானும் சொல்லியிருப்பேன், ஆனால் அவள் தன் பெயரையும் சேர்த்தே வெட்டச் சொல்லியிருக்கிறாள். சமணர் போன பிறகு அந்தச் சுனைக்குப் பேச்சியம்மன் பெயர் வந்தது. பக்கத்துக் குகையில் இருக்கும் பெரிய தீர்த்தங்கரர் ஊராருக்குச் செட்டியார், இடத்துக்குச் செட்டிப்பொடவு என்று பெயர்.

எழுதத் தெரிந்த பெண் எப்போதும் நம் பக்கம் இருப்பாள் என்றும் நம்ப வேண்டாம். பதினாலாம் நூற்றாண்டில் மதுரை சுல்தான்களை வென்ற விஜயநகர இளவரசன் குமார கம்பணனின் மனைவி கங்காதேவி, அந்த வெற்றியைச் சம்ஸ்கிருதக் காவியமாகப் பாடினாள். மதுரா விஜயம் என்று பெயர். அதன் ஏடு 1916இல் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. பெண் எழுதிய வரலாற்றுக் காவியம் என்று கொண்டாட எனக்கும் ஆசைதான். ஆனால் அது அரண்மனையின் குரலில், வென்றவனின் மொழியில், தோற்றவர்களைத் தீயவர்களாகக் காட்டும் காவியம். வைகைக் கரையில் அன்று இருந்த முஸ்லிம் பெண்ணையோ, கள்ளர் பெண்ணையோ அதில் தேடிப் பயனில்லை.

இனி எங்கள் மண்ணுக்கு வருகிறேன். உசிலம்பட்டியைச் சுற்றிப் பிரமலைக் கள்ளர் நாடு. எட்டு நாடு, இருபத்து நாலு உபகிராமம் என்பார்கள். மாசிச் சிவராத்திரிக்குச் சாமிப்பெட்டியைத் தலையில் சுமந்து பாப்பாபட்டி ஒச்சாண்டம்மனுக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இங்கே மதம் என்பது என்ன என்று தெரிந்திருக்கும். பங்காளி, மாமன் மச்சான், பெட்டி, கரகம், கிடா. நூலில் எழுதிய சாத்திரம் எதுவும் அதற்குத் தேவைப்பட்டதில்லை.

இந்தச் சமூகத்தில் ஆண்பிள்ளைகளுக்குச் சுன்னத் செய்யும் வழக்கம் இருந்தது. வெளியூர் மாணவிகளிடம் சொன்னால் நம்ப மறுப்பார்கள். என் அப்பாவுக்கு நடந்தது, அண்ணனுக்கு நடக்கவில்லை. அப்பத்தா அதை ‘மார்க்கக் கல்யாணம்’ என்பார். தமிழ் முஸ்லிம்களும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். மார்க்கம் வடசொல், சடங்கு இசுலாத்தினுடையது, செய்தவர்கள் கருப்பசாமிக்குக் கிடா வெட்டுகிறவர்கள். இது எப்படி வந்தது என்பதற்கு ஊருக்கு ஊர் கதை உண்டு. சுல்தான் காலம், கான்சாகிபு காலம், ஹைதர் காலம் என்று அவரவர்க்குப் பிடித்த காலத்தைச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, வந்த பிறகு அந்தச் சடங்கை இங்கே என்ன செய்தார்கள் என்பது.

1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தொகுதிகளில் அது பதிவாகியிருக்கிறது. பையனைத் தாய்மாமன் தோளில் தூக்கிப்போய் மைதானத்தில் இறக்குவான். கூடியிருப்பவர்களுக்கு வெற்றிலை பாக்கு. நாவிதர் அறுக்கும்போது சங்கு ஊதுவார்கள். செலவு முழுவதும் அத்தையுடையது, அப்பாவின் கூடப்பிறந்தவள். ஏனென்றால் அவள் மகளைக் கட்ட அந்தப் பையனுக்கு உரிமை. அதேபோல் பெண்பிள்ளை வயசுக்கு வந்தால் சடங்குச் செலவு தாய்மாமனுடையது, தன் மகனுக்குக் கேட்கிற உரிமை அவனுக்கு. இரண்டு சடங்குகளையும் பல பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரே சமயத்தில் நடத்துவார்கள் என்றும் தர்ஸ்டன் எழுதுகிறார். அரேபியாவிலிருந்து எத்தனையோ கை மாறி வந்த ஒரு சடங்கு இங்கே அத்தை மகள், மாமன் மகன் கணக்குக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. குரானும் இல்லை, பெயர் மாற்றமும் இல்லை. அத்தை செய்ய வேண்டிய சீர்களில் ஒன்று கூடியது, அவ்வளவுதான். சுன்னத்தை ஆணுக்கும் ஆண்டவனுக்கும் இடையிலான உடன்படிக்கை என்று யூத மரபு சொல்லும். உசிலம்பட்டியில் அது அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் இடையிலான உடன்படிக்கையாக ஆகிவிட்டது.

கல்யாணத்திலும் இப்படித்தான். பையனின் அக்காவோ தங்கச்சியோ பெண் வீட்டுக்குப் போய், பரிசப் பணத்தையும் சேலையையும் கொடுத்து, பெண்ணின் கழுத்தில் கயிறு கட்டி அழைத்து வருவாள் என்று 1868இல் மதுரைக் கையேடு எழுதிய நெல்சன் குறித்திருக்கிறார். அந்தக் காலத்துக் கயிறு குதிரை மயிர். 1949, 1950இல் பிரான்சிலிருந்து வந்து இங்கே தங்கி ஆய்வு செய்த லூயி துய்மோனும் நாத்தனார் தாலி கட்டுவதை எழுதினார். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, அக்கினி இல்லை.

கட்டிய கயிறு பிடிக்கவில்லை என்றால்? அதற்குத்தான் துரும்பு. நெல்சனின் கணக்குப்படி, கணவன் மனைவியை விலக்கினால் தன் சொத்தில் பாதியைக் கொடுக்க வேண்டும். மனைவி விலகினால் நாற்பத்திரண்டு பணம் கட்டிவிட்டுப் போகலாம். பரிசம் இருபத்தொரு பணம் என்பதால் இது அதன் இரட்டிப்பு. பஞ்சாயத்தில் ஒரு துரும்பை எடுத்துக் கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. இங்கே ‘துரும்பு கொடுத்தாச்சு’ என்றால் உறவு முறிந்தது என்று அர்த்தம். விதவையும் மறுபடி கட்டிக்கொள்ளலாம். அப்பத்தாவின் தங்கச்சி இரண்டு முறை துரும்பு கொடுத்தவர். மூன்றாவது வீட்டில் நாற்பது வருஷம் வாழ்ந்து, பேரன் பேத்தி எடுத்துச் செத்தார். அவரைப் பற்றி அப்பத்தா ஒருநாளும் குரலைத் தணித்துப் பேசியதில்லை. “ஒத்து வரல, துரும்பக் குடுத்துட்டு வந்துட்டா. அவ என்ன அடிமையா?” என்பார். நான் கல்லூரியில் இந்து சட்டம் படித்த வருஷம் அது. ‘ஈன்ற தகப்பன் கொடுத்தால் கொடுத்ததுதான், பெண் மறுபடி கொடுபடமாட்டாள்’ என்ற ரீதியில் நாங்கள் மனுவைப் படித்துக்கொண்டிருந்தோம்.

இதைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. பரிசம் வாங்கியவர் அப்பன், பெண் இல்லை. பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள். நாற்பத்திரண்டு பணத்தைப் பெண்ணுக்காக யார் கட்டினார்களோ அவர்களுக்கு அவள் கடன்பட்டவள். அந்த ஊர்களிலேயே தலித் பெண்களுக்கு இந்தப் பஞ்சாயத்து எப்படி இருந்தது என்பது வேறு கட்டுரை, அதை அவர்களே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் வெளியே போக ஒரு கதவு இருந்தது, அதற்கு ஒரு பெயர் இருந்தது, அதைத் திறந்தவள் கெட்டவள் ஆகவில்லை.

பிறகு ஆங்கிலம் வந்தது. எங்கள் பக்கம் ஆங்கிலம் முதலில் ஷேக்ஸ்பியராக வரவில்லை, குற்றப் பரம்பரைச் சட்டமாக வந்தது. 1911ஆம் வருஷத்துச் சட்டம். ஊர் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றது. வயசுக்கு வந்த ஆண்கள் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும், இரவில் ஆஜராக வேண்டும், ஊர் விட்டுப் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ராதாரி பாரசீகச் சொல், வழிச்சீட்டு என்று பொருள். முகலாயர் நிர்வாகத்தின் வார்த்தை வெள்ளைக்காரன் சட்டத்தில் ஏறி உசிலம்பட்டிக்கு வந்து சேர்ந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அதில் ஒரு பெண், மாயக்காள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவள் என்று ஊர் சொல்கிறது. ஆண்கள் ஸ்டேஷனிலும் சாவடியிலும் படுத்த இரவுகளில் வீடுகளில் பெண்கள் எப்படி இருந்தார்கள் என்பதை ஆவணத்தில் தேடாதீர்கள். கிழவிகளிடம் கேட்டவர்களுக்குத் தெரியும். சட்டம் 1947இல் ரத்தானது.

அதே காலத்தில் இன்னொரு வழியாகவும் எழுத்து வந்தது. அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் மதுரைக்கு வந்து பெண் பள்ளிகளைத் தொடங்கியது. ஈவா ஸ்விஃப்ட் 1892இல் பெண்களுக்கு வேதாகமப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கே படித்தவர்கள் வீடு வீடாகப் போய் எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டி வில்காக்ஸ் 1948இல் தொடங்கியது லேடி டோக் கல்லூரி. உசிலம்பட்டியில் டி.இ.எல்.சி. தேவாலயமும் பள்ளியும் உண்டு, என் அம்மா அங்கே ஐந்தாவது வரை படித்தார். மதம் மாறவில்லை. அவர் படித்து வந்தவை கையெழுத்தும் பெருக்கல் வாய்ப்பாடும் கொஞ்சம் ஞானப்பாட்டும். அப்பா வீட்டுக் கிழவர்கள் சர்க்காருக்குக் கட்டை விரலைக் கொடுத்தவர்கள், அம்மா ரேஷன் கார்டில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பாதிரிமார்கள் எதற்காக வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மா எதை எடுத்துக்கொண்டார் என்பதும் தெரியும்.

மதம் மாறுவதைப் பற்றி மட்டும்தான் இந்த நாட்டில் சட்டம் போடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். ஆனால் எங்கள் பெண்களை அதிகம் பாதித்த மத மாற்றம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாதது. அது மேல்சாதி மாதிரி ஆவது. எம்.என். சீனிவாஸ் அதைச் சமஸ்கிருதமயமாதல் என்றார். நாத்தனார் கட்டிய தாலியை மாப்பிள்ளை கட்ட ஆரம்பித்தான். ஐயர் வந்தார், அக்கினி வந்தது. மார்க்கக் கல்யாணம் கேவலமானது. துரும்பு கொடுத்த பெண் ‘அத்துக்கிட்டு வந்தவள்’ ஆனாள். பரிசம் கேட்பது பெண்ணை விற்பது மாதிரி என்று படித்த மாப்பிள்ளைகள் சொன்னார்கள், சொல்லிவிட்டு வரதட்சணை வாங்கினார்கள். வரனுக்குத் தட்சிணை. தட்சிணை என்பது யாகம் செய்த புரோகிதனுக்கும் பாடம் சொன்ன குருவுக்கும் கொடுப்பது. அந்தச் சொல் மாப்பிள்ளைக்கு வந்தபோது அவனும் கும்பிட்டுக் கொடுக்க வேண்டிய ஆளாகிவிட்டான். 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. எங்கள் பக்கம் அதற்குப் பிறகுதான் பவுன் கணக்கே ஏறியது. வைகை அணை 1959இல் திறந்து சில ஊர்களுக்குத் தண்ணீரும் பணமும் வந்தன, அரசு வேலைக்குப் போன மாப்பிள்ளைகள் வந்தார்கள், விலை கூடியது.

1985, 1986இல் ஜூனியர் விகடனும் இந்தியா டுடேவும் எழுதிய பிறகு உசிலம்பட்டி என்ற பெயர் பெண் சிசுக்கொலைக்கு மறுபெயரானது. அதே 1986இல்தான் துய்மோனின் நூல் ஆங்கிலத்தில் வந்தது. இரண்டையும் ஒருசேரப் படித்தவர்கள் குறைவு. கொலை நடந்தது, நான் மறுக்கவில்லை. எருக்கம்பாலும் நெல்மணியும் எங்கள் தெருவிலும் பேச்சில் இருந்தன. என் கோபம், அதைப் ‘பழங்குடி வழக்கம்’, ‘அந்தச் சாதியின் ஆதிப் புத்தி’ என்று எழுதியவர்கள்மேல். குற்றப் பரம்பரை என்ற முத்திரையை ஆண்களிடமிருந்து எடுத்துத் தாய்மார்களுக்குக் குத்தினார்கள். பரிசம் வாங்கி, துரும்பு கொடுத்து, அத்தைக்குக் கடமையும் உரிமையும் வைத்திருந்த ஒரு சமூகத்தில் பெண் பிறப்பது எப்போதிலிருந்து திவால் ஆனது என்று கேட்டிருந்தால், விடை ‘நாகரிகம்’ என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பக்கத்திலிருந்து வந்திருக்கும். அரசு 1992இல் தொட்டில் வைத்தது. வரதட்சணை வாங்கிய மாப்பிள்ளைக்கு என்ன வைத்தது?

சட்டத்தில் ஒரு சின்ன இடம் இன்னும் இருக்கிறது. 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு. வழக்காற்றின்படி மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமை எந்தச் சமூகத்துக்கு இருந்ததோ, அந்த உரிமையை இந்தச் சட்டம் பாதிக்காது என்கிறது. அதாவது துரும்பு இன்றைக்கும் செல்லும். நீதிமன்றத்துக்குப் போனால் அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் உண்டு என்று நிரூபிக்க வேண்டும். போன வருஷம் என் மாணவி ஒருத்தி தன் அக்காவுக்காக அதை நிரூபிக்க ஆதாரம் தேடி வந்தாள். தர்ஸ்டனையும் நெல்சனையும் பக்கம் போட்டுக் கொடுத்தேன். அவள் வீட்டுப் பெரியவர்களோ எங்கள் குலத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்று சாதித்தார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவரின் தாயாரே துரும்பு கொடுத்து வந்தவர்.

இப்போது பஞ்சாயத்தில் முறிவு நடந்தால் முத்திரைத்தாளில் எழுதுகிறார்கள். முதலில் வருவது பெண் வீட்டார் போட்ட நகையின் கணக்கு, பிறகு பாத்திரம், கட்டில், பீரோ, மோட்டார் சைக்கிள். எது திரும்ப வரும், எது வராது என்று நாள் முழுக்கப் பேச்சு நடக்கும். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்தது என்று எழுத ஒரு வரிகூட இருப்பதில்லை. கடைசியில் பெண் கையெழுத்துப் போடுவாள், பெரும்பாலும் தெளிவான கையெழுத்து, பத்தாவது வரையாவது படித்திருப்பாள்.